பல்லேபொலையில் ஒரு சூரியக் கணக்கு

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்வோர் பெரும்பாலும் முத்துமாரியம்மனைத் தரிசித்து மீள்வர். சற்று ஊக்கமுடையோர் அலுவிகாரைக் குகைகளையும் கண்டு, தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போவர். பல்லேபொலைக்கென்றே புறப்படுவோர் மிகச் சிலர். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் நாமும் அச்சிலரோடு சேர்ந்தோம். ஊர் பார்க்கும் ஆவல் நமக்கு என்றும் உண்டு. ஆனால் அன்று நாம் போனது ஒரு கணக்குப் பார்க்க.

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று அப்பகுதிப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருக்கின்றார். அவர் தொலைபேசியிற் பேசினார். “சேர், எங்கள் கூரையில் விளையும் மின்சாரம் களவு போகின்றதென்று அப்பா சொல்கின்றார். அம்மாவோ வேறொரு பயத்தினால் மறுபடியும் விறகடுப்பில் சமைக்கத் தொடங்கிவிட்டார். நான் சொன்னால் இருவரும் கேட்பதாயில்லை. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் நல்லது” என்றார். மாணவன் அழைத்தால் ஆசிரியன் போகாதிருத்தல் எங்ஙனம்?

வழியிற் கண்டவை

கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அளவத்துகொடை எனக் கடைத்தெருக்களைத் தாண்டி மாத்தளையை அடைந்தோம். மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் ஓடும் அந்நகர் வீதி அன்று அமைதியாயிருந்தது. அதற்கு வடக்கே சிறிது தூரத்தில் அலுவிகாரை. அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்றது இங்கேதான் என்பர். நினைவிலிருப்பது மயங்கும், எழுதிவைத்தது நிற்கும் என்பதை அறிந்த முன்னோர் அவர்கள். இதனை ஏன் குறிப்பிடுகின்றோம் என்பது பின்னர் விளங்கும்.

இம்மாவட்டத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக அந்நீரை உக்குவளைக்குக் கொணர்ந்து, 1976ஆம் ஆண்டு முதல் அங்கே மின்சாரம் எடுக்கின்றனர். அதே நீர் சுதுகங்கையிலும் அம்பன் கங்கையிலும் கலந்து போவதென்னையை அடைந்து, அங்கும் சக்கரம் சுழற்றி, உலர்வலயத்து வயல்களுக்கும் செல்கின்றது. மலையிலிருந்து இறங்கும் நீர் வழியெல்லாம் வேலை செய்துகொண்டே போவதை எண்ணி நாம் வியந்தோம்.

தம்புள்ளை வீதியை விட்டுப் பிரிந்ததும் உலகம் வேறாகி விடுகின்றது. ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் தென்னையும் பலாவும் கமுகும் செறிந்த தோட்டங்கள், சீமைக்கிளுவை மரங்களில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடிகள். பல்லே என்னும் சிங்களச் சொல்லுக்குக் கீழ் என்பது பொருள். மாத்தளையின் மலைச்சாரலிலிருந்து இறங்கி வருபவர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். சிங்கள மக்களே பெரும்பான்மையினராய் வாழும் அப்பகுதியில் நம் மாணவரின் குடும்பம் போன்ற தமிழ்க் குடும்பங்கள் சிலவே. அயலவர் ஒருவர் வழிகாட்டினார். “கூரையில் கண்ணாடி போட்ட வீடுதானே?” என்று அவர் சிங்களத்திற் கேட்டது நமக்கு இனிமையாயிருந்தது.

கணக்கப்பிள்ளையின் ஏடு

மாணவரின் தந்தையார் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாயிருந்து இளைப்பாறியவர். ஓட்டுக் கூரையின் தென்புறச் சரிவில் ஐந்து கிலோவாற்று வலுவுள்ள சூரியத் தகடுகள். 2019ஆம் ஆண்டில் வங்கிக் கடன் பெற்றுப் பொருத்தியவை. அன்று முதல் பெரியவர் ஒரு நாளும் தவறாமல், மாலை ஆறு மணிக்கு ஏட்டில் எண்களைக் குறித்து வந்திருக்கின்றார். அலுவிகாரையை நாம் நினைத்தது அவ்வேட்டைக் கண்டபோதுதான்.

தேநீர் அருந்தி முடியுமுன்னரே ஏடு நம் முன்னே விரிந்தது. ஜூன் மாதக் கணக்கு இது: கூரையிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்றவாறு மாற்றும் இன்வேர்ட்டர் என்னும் பெட்டி காட்டிய விளைச்சல் 486 அலகு. வாயிலிலுள்ள மின்மானி, வீதிக் கம்பிக்குச் சென்றதாகக் காட்டியது 390 அலகு.

“மாஸ்டர், மலையில் நிறுத்த கொழுந்துக்கும் பக்டரியில் நிறுத்த கொழுந்துக்கும் வித்தியாசம் வந்தால், இடையில் யாரோ கை வைத்தார்கள் என்றுதானே அர்த்தம்? 96 அலகு எங்கே போயிற்று? மாதாமாதம் இப்படித்தான் போகின்றது” என்றார் பெரியவர். குரலில் கோபம் இருந்தது. அதன் அடியிலோ, முதுமைக் காலத்தில் பட்ட கடனைப் பற்றிய கவலை இருந்தது.

“ஐயா, கொழுந்து வண்டி பக்டரிக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டு வாசலில் நின்று, ஒரு கூடையை வீட்டார் இறக்கிக்கொண்டால் அதைக் களவு என்பீர்களா?” என்று கேட்டோம். அவர் பதில் கூறாது நம்மை நோக்கினார்.

வாசகர்களில் பலர் வீட்டிலும் இதே மயக்கம் இருத்தல் கூடும். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். வாயிலிலுள்ள மின்மானி, கூரையில் எவ்வளவு விளைந்தது என்பதை அறியாது. வீட்டில் எவ்வளவு செலவாயிற்று என்பதையும் அறியாது. அது வாயிற்காவலன் போன்றது. உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்ற இரண்டை மட்டுமே அது எண்ணும். பெரும்பாலான மின்மானிகளில் 1.8.0 என்ற குறியுடன் தோன்றுவது வெளியிலிருந்து வந்தது, 2.8.0 என்ற குறியுடன் தோன்றுவது வெளியே சென்றது. இன்வேர்ட்டரோ விளைச்சலை மட்டும் எண்ணும். கூரையிற் பிறந்த மின்சாரம் முதலில் வீட்டினுள் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் விசிறிக்கும் போகின்றது. எஞ்சியதே வாயிலைக் கடக்கின்றது. இடையில் வீட்டார் உண்டதை இவ்விரண்டு கருவிகளில் எதுவும் தனியே சொல்லாது. நாமே கழித்துக் காண வேண்டும்.

“உங்கள் தென்னையில் ஒரு மாதத்தில் 486 தேங்காய் விழுந்தது, 390ஐ விற்றீர்கள், 96 உங்கள் அடுக்களையில் கறியாயிற்று” என்றோம். பெரியவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். நாளொன்றுக்கு மூன்று அலகுக்குச் சற்று மேல். பகலில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டார், மருமகளின் தையல் இயந்திரம், பாடசாலைச் சட்டைகளுக்கு மின்னழுத்தி, விசிறிகள் யாவற்றையும் கூட்டினால் அவ்வளவு வருவதில் வியப்பில்லை.

“அப்படியென்றால் நம் வீட்டுச் செலவு மாதம் 96 தானா?” என்று மருமகள் கேட்டார். நல்ல கேள்வி. இல்லை, சூரியன் மறைந்த பின்னரும், மழை இருளிலும், வீதிக் கம்பியிலிருந்து வாங்கியது ஒன்றுண்டு. அது ஏட்டில் 132 அலகு என்றிருந்தது. ஆகவே வீட்டின் முழுச் செலவு 96உம் 132உம் சேர்ந்து 228 அலகு. ஒரே வாக்கியத்திற் சொன்னால், விளைச்சலிலிருந்து விற்றதைக் கழித்து, வாங்கியதைக் கூட்டினால் வருவதே செலவு. மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளட்டும்.

பணக்கணக்கு இன்னொன்று. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘சூரியபல சங்கிராமய’ என்ற பெயரில் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில் மூவகை ஒப்பந்தங்கள் இருந்தன. ஒன்றில், மிஞ்சிய அலகுகள் பணமாகாமல் அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கப்படும். மற்றொன்றில், விளைந்தது முழுவதும் விற்கப்படும்; வீட்டுச் செலவுக்கு வேறாகக் கட்டணம். இக்குடும்பம் எடுத்துக்கொண்டது எஞ்சிய வகை: விற்றதிலிருந்து வாங்கியதைக் கழித்து, மிச்சத்துக்கு முதல் ஏழாண்டு அலகுக்கு 22 ரூபாயும், அதன்பின் பதின்மூன்றாண்டு 15 ரூபாய் 50 சதமும் பெறுவது. புதிதாகச் சேர்வோர்க்குரிய விலைகள் பின்னர் பலமுறை மாற்றப்பட்டன. 390இல் 132 போக 258. அதற்கு 5,676 ரூபாய். பெரியவர் பெற்ற தொகையும் அதுவே! ஒரு சதமும் குறையவில்லை. ஏழாண்டு முடிந்தபின் அதே 258 அலகுக்கு 3,999 ரூபாயே கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். கடன் தவணையை அதற்கேற்பத் திட்டமிடல் வேண்டுமன்றோ?

தாயாரின் பயம்

களவு தீர்ந்தது, பயம் தீரவில்லை. கைத்தொலைபேசியில் இன்வேர்ட்டரின் நிலையைக் காட்டும் படமொன்று இருந்தது. நாம் சென்ற நண்பகலில் அதிற் கண்டது இது: கூரை தருவது 2.6 கிலோவாற்று, வீடு உண்பது 4.6 கிலோவாற்று, வீதியிலிருந்து வருவது 2.0 கிலோவாற்று. அவ்வேளையில் வீட்டில் ஓடியவை ஒரு குளிர்சாதனப் பெட்டியும், இரண்டு விசிறிகளும், தொலைக்காட்சியும், தையல் இயந்திரமுமே. 4.6 கிலோவாற்று என்பது நான்கைந்து மின்னழுத்திகள் ஒருங்கே எரிவதற்கு ஒப்பானது!

“சுவருக்குள் எங்கோ வயர் பழுதாகி மின்சாரம் ஒழுகுகின்றது, வீடு பற்றிக்கொள்ளும்” என்று தாயார் அஞ்சினார். மின்சாரத்தில் சோறாக்கும் குக்கரை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்று மாதமாய் விறகடுப்பில் ஊதிக்கொண்டிருந்தார். இருமல் அவரை விட்டபாடில்லை. மகன் எத்தனை சொல்லியும், “போனில் போட்டிருக்கிறதே, அது பொய்யா?” என்பதே விடை. அச்சிட்ட எண்ணுக்கு உள்ள அதிகாரம் பெற்ற பிள்ளைக்கும் இல்லை போலும்!

இவ்விடத்தில் கிலோவாற்றுக்கும் அலகுக்கும் உள்ள பேதத்தைச் சொல்லியாக வேண்டும். குளத்துக்குள் வாய்க்கால் இந்நொடியில் எத்துணை வேகமாய் நீர் கொணர்கின்றது என்பது கிலோவாற்று. மாலைவரை எவ்வளவு நீர் சேர்ந்தது என்பது அலகு. ஒரு கிலோவாற்று வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு. முதலாவது முகில் மறைக்கும்போதெல்லாம் மாறும். இரண்டாவது ஏறுமேயன்றி இறங்காது. ஒன்றை மற்றதாக எண்ணியே பலர் கலங்குகின்றனர்.

தாயார் கண்டதோ மெய்யாகவே கிலோவாற்று. எனினும் 4.6 கிலோவாற்று நாள் முழுவதும் ஓடின் பெரியவரின் ஏட்டில் அது தோன்றாமற் போகுமா? மாதம் 132 அலகு மட்டுமே வாங்கிய வீடு அது. ஏடும் படமும் முரண்பட்டன. இரண்டில் ஒன்று பிழை. இருட்டும்வரை காத்திருக்கத் தீர்மானித்தோம்.

இரவு ஏழரை மணிக்கு மின்குமிழ்கள் எரிந்தன. தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. படத்தைத் திறந்தோம். கூரை தருவது பூச்சியம்; வீடு உண்பதும் பூச்சியம்; வீதிக்குச் செல்வதோ 0.8 கிலோவாற்று! சூரியனில்லா இரவில் வீட்டிலிருந்து வீதிக்கு மின்சாரம் போகின்றதாம். நம் மாணவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, “சேர், திசை மாறியிருக்கின்றது!” என்றார். முகத்தில் அந்நாளைய வகுப்பறை ஒளி.

அதுவே உண்மை. வாயிற் கம்பியில் மின்னோட்டத்தை அளப்பதற்காகச் சிறு வளையமொன்று மாட்டப்பட்டிருக்கும். அதன்மேல் அம்புக்குறி உண்டு. மூன்று மாதத்துக்கு முன் சுவிட்ச் பெட்டியைத் திருத்திய ஒருவர் வளையத்தைக் கழற்றி மறுபுறமாக மாட்டிவிட்டார். ஆகவே போவதை வருவதாகவும், வருவதைப் போவதாகவும் அது சொல்லிற்று. உண்மையில் நண்பகலில் கூரை தந்த 2.6இல் வீடு உண்டது 0.6, வெளியே போனது 2.0. போனதை வந்ததாக எண்ணி 2.6உடன் கூட்டியதால் 4.6 என்ற பூதம் பிறந்தது. வாயிலிலுள்ள மின்மானிக்கும் இவ்வளையத்துக்கும் தொடர்பில்லை. ஆதலால் பெரியவரின் கணக்கு பழுதுபடவில்லை.

மறுநாட் காலை, அயலிலுள்ள சிங்கள நண்பரான மின்வேலைக்காரர் வந்து, மெயின் சுவிட்சை அணைத்து, வளையத்தைத் திருப்பி மாட்டினார். பத்து நிமிட வேலை. நண்பகலில் படம் ஒழுங்காயிற்று. இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை: காரணம் அறிந்துவிட்டோம் என்ற துணிவில் சுவிட்ச் பெட்டியைத் தாமே திறத்தல் கூடாது. நாமும் பௌதிக ஆசிரியரே. தள்ளி நின்றுதான் பார்த்தோம்.

நாட்டின் கணக்கும் இதுவே

பகலுணவின்போது பெரியவர் மற்றொரு கேள்வி எழுப்பினார். “நம் கூரையிலேயே கரண்ட் உண்டாகும்போது, ஊரில் கரண்ட் போனால் நம் வீட்டிலும் ஏன் போகின்றது?” பற்றறியில்லாத இத்தகைய அமைப்பு வீதிக் கம்பியின் துடிப்போடு இணைந்தே இயங்குவது. கம்பியில் உயிரில்லையெனில் இன்வேர்ட்டர் தானே நின்றுவிடும். நில்லாவிடின், கம்பி திருத்த ஏறிய தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, தகடு இருந்தும் இவர்கள் இருளில் இருந்தமைக்குக் காரணம் இதுவே.

அவ்வாண்டு ஆகஸ்டிலும், 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெரிதும் உயர்ந்தது. அதன்பின் கூரைகள்தோறும் தகடுகள் பெருகின. விளைவு யாது? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டமையே தொடக்கம் என்று அமைச்சர் கூற, நாடெங்கும் நகைப்பு எழுந்தது. ஆயினும், ஞாயிறாதலால் செலவு குறைந்தும், வெயிலால் கூரை விளைச்சல் மிகுந்தும் இருந்த வேளையில் மின்வலை அதிர்ச்சியைத் தாங்க வலுவற்றிருந்தது என்று மின்சார சபை விளக்கியது. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை அணைத்து வைக்குமாறு சபை வேண்டிக்கொண்டது.

வீட்டில் கண்டதே நாட்டிலும். விளைவது நண்பகலில், செலவு உச்சமாவது விளக்கேற்றிய பின். உக்குவளையிலும் போவதென்னையிலும் நீரை மறித்து மாலைக்கு வைத்திருக்கலாம். வெயிலை அங்ஙனம் மறித்து வைக்கப் பற்றறி வேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். பற்றறியில்லாதவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கிணற்று மோட்டார், சட்டை அழுத்துதல், துணி துவைத்தல் ஆகியவற்றை வெயில் உள்ளபோதே முடித்தல். இக்குடும்பத்தின் ஒப்பந்தப்படி அதனால் பணத்தில் பெரும் வேறுபாடில்லை. ஆனால் மாலையில் நாடு சுமக்கும் பாரம் சிறிது குறையும்.

வாசகர் தம் வீட்டுக் கணக்கைத் தாமே சோதிக்க விரும்பின் வழி எளிது. இன்வேர்ட்டரின் விளைச்சல், மின்மானியின் வரவு, செலவு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஒரே வேளையிற் குறித்தல் வேண்டும். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுத்தால் கணக்கு ஒருபோதும் ஒவ்வாது. இரு வேறு கருவிகளாதலின் நூற்றுக்கு ஓரிரண்டு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் ஒருமுறை கைத்தொலைபேசிப் படத்தைப் பார்த்தலும் நன்று. பற்றறியில்லாத வீடு இரவில் மின்சாரம் விற்பதாக அது சொன்னால், களவைத் தேடாமல் வளையத்தைத் தேடுக.

மாலையில் விடைபெறும்போது வெயில் வயலின்மேற் சாய்ந்திருந்தது. பெரியவர் ஏட்டில் கோடு கிழித்து, ‘வீட்டில் உண்டது’ என்று புதிய நிரலொன்று சேர்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் குக்கர் வெளியே வந்திருந்தது. “வாத்தியார் ஐயா வந்ததால் என் கண் எரிச்சல் போயிற்று” என்றார் தாயார். நாம் செய்தது கூட்டலும் கழித்தலுமே. அது மூன்று மாதப் புகையை அகற்றியதென்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி. கட்டித் தந்த மிளகுப் பொட்டலத்தோடு பேருந்தில் ஏறினோம்.